பட்ட மாமரமும் காளான் ஈயும்

புதுச்சேரியில் என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் இப்போது பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறான். அந்நாட்டுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பிரெஞ்சு மறந்துவிடக் கூடாது என்று அவனுக்கு ஒரு கவலை. அதனால் மாதம் ஒரு முறையாவது எதையாவது கத்தரித்து அனுப்புவான். சில சமயம் அரசியல், சில சமயம் சமையல் குறிப்பு. இந்த முறை வந்தது, வட ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளில் எங்கோ ஓரிரு இடங்களில் மட்டும் கிடைக்கும் காளான் ஈக்களைப் பற்றிய கட்டுரை. ஓரத்தில் பேனாவால், "இதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள், பார்த்தாயா" என்று எழுதியிருந்தான்.

நானும் முதலில் சிரித்தேன். பிறகு இரண்டு முறை படித்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சிறிய சண்டையே வந்தது. அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

காளான் ஈ என்றதும் வீட்டு ஈயை நினைக்க வேண்டாம். பார்க்கக் கொசு மாதிரி இருக்கும், ஆனால் கடிக்காது. கால்கள் நீளம், முதுகு கூன் விழுந்தது போல வளைந்திருக்கும். காளானிலோ, பூஞ்சை பிடித்து இற்றுப்போன மரத்திலோ முட்டையிடும். புழுவுக்குத் தலை மட்டும் கறுப்பு, உடம்பு கண்ணாடி போல உள்ளே இருப்பது தெரியும். சிப்பிக்காளான் வளர்ப்பவர்களைக் கேட்டால் இதன் ஒன்றுவிட்ட சொந்தங்களைத் திட்டித் தீர்ப்பார்கள், குடில் முழுக்க நாசம் செய்யும் என்று. அதே வகையில் வேறொரு சொந்தம் நியூசிலாந்தில் வைட்டோமோ குகைகளில் இருக்கிறது. கூரையில் தொங்கிக்கொண்டு நீல ஒளி விடும் அந்தப் புழுக்களைப் பார்க்க உலகமெல்லாம் இருந்து காசு கொடுத்துப் படகில் போகிறார்கள். ஆங்கிலத்தில் அதை ஒளிப்புழு என்று சொன்னாலும், இனத்தால் அதுவும் ஒரு காளான் ஈதான். ஒரே குடும்பத்தில் ஒருவன் கலெக்டர், ஒருவன் கள்ளன் என்பது பூச்சிகளிலும் உண்டு போலிருக்கிறது.

பின்லாந்து என்ற சிறிய நாட்டில் மட்டும் 700க்கும் மேற்பட்ட வகைக் காளான் ஈக்களைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். நம் விருதுநகர் மாவட்டத்தில் காக்கை, குருவி, மயில் எல்லாம் சேர்த்தாலும் அத்தனை பறவை வகை தேறாது. இவற்றில் பலவற்றுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஈரம் காயாத பழைய காட்டில், விழுந்து கிடக்கும் மரம். அதுவும் எந்த மரமானாலும் சரி என்பதில்லை. சிலதற்கு ஸ்புரூஸ், சிலதற்கு ஆஸ்பென், அதில் இன்ன பூஞ்சை, இத்தனை வருஷம் இற்றிருக்க வேண்டும் என்று கண்டிப்பான மாமியார் போல நிபந்தனைகள். பின்லாந்துக் காடுகளில் பட்ட மரத்தை நம்பி வாழும் உயிர்கள், பூஞ்சைகளையும் சேர்த்து, 4000 முதல் 5000 வகை இருக்கும் என்று கணக்கு. காட்டு உயிர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

அங்கே நடந்தது என்ன என்றால், காட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள். மரத்தை வெட்டுவதும் நடுவதும் பெரிய தொழில். விழுந்த மரம் வீண், பட்ட மரம் நோய் பரப்பும் என்று அகற்றிக்கொண்டே வந்தார்கள். மனிதன் கை படாத தெற்குப் பின்லாந்துக் காட்டில் ஹெக்டேருக்கு 60 முதல் 90 கன மீட்டர் வரை பட்ட மரம் கிடக்குமாம். பராமரிக்கப்பட்ட காட்டில் அது 10 கன மீட்டரைத் தாண்டுவதில்லை. பார்க்கப் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கிறது. ஆனால் அதில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

இது ஒரு பக்கம். எனக்குப் பிடித்துப்போனது இன்னொரு பக்கம்.

ஒரு பூச்சி அரியது என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஏதோ ஒரு இடத்தில் ஒன்று கிடைத்தது, அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று, அவ்வளவுதான் பதிவு. வளர்ந்த ஈயின் ஆயுள் சில நாட்கள், மிஞ்சிப்போனால் சில வாரங்கள். அது பறக்கிற நாளில், அது பறக்கிற இடத்தில், யாராவது ஒருவர் பொறி வைத்திருக்க வேண்டும். அகப்பட்டதை நுண்ணோக்கியில் வைத்து, ஆண் ஈயின் வால்புற உறுப்புகளைப் பார்த்து இன்னது என்று சொல்லத் தெரிந்தவர் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஆகவே வரைபடத்தில் புள்ளி இருக்கும் இடமெல்லாம் பூச்சி இருக்கும் இடம் மட்டுமல்ல. பூச்சிக்காரர் போய்வந்த இடமும் அதுதான்.

அந்தப் பொறிக்குப் பெயர் மலேஸ் பொறி. கூடாரம் போலத் துணியால் கட்டி, உச்சியில் ஒரு குப்பியை வைத்துவிடுவார்கள். பூச்சிகள் முட்டி மேலே ஏறி அதில் விழும். பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. பிரெஞ்சில் மலேஸ் என்றால் உடம்புக்கு ஒரு மாதிரியாக இருப்பது, மனசுக்குச் சங்கடமாக இருப்பது. பள்ளியில் கணக்குப் பரீட்சை அன்று நாங்கள் எல்லோரும் சொல்லும் காரணம் அதுதான். ஆனால் இது ஒரு ஆளின் பெயர். ரெனே மலேஸ் என்ற சுவீடன்காரர், தகப்பனார் பிரான்சில் இருந்து வந்த சமையல்காரர். 1930களில் பர்மாவில் பூச்சி பிடிக்கப் போனபோது, கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் வெளியே போகத் தெரியாமல் மேல் மூலையில் மோதிக்கொண்டிருப்பதைப் பார்த்து இந்தப் பொறியைச் செய்தவர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனில் இதே பொறிகளை நாடு முழுக்க வைத்துப் பார்த்ததில், தங்கள் பூச்சிகளை எல்லாம் எண்ணி முடித்துவிட்டோம் என்று நினைத்திருந்த அந்த நாட்டிலேயே புதிய வகைகள் வந்து விழுந்தன. அவற்றில் காளான் ஈக்களும் உண்டு.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய நோட்டுக் கோப்பு ஞாபகம் வந்தது. 1980களில் நான் எழுத்தராக இருந்த ஒரு அலுவலகத்தில், இறந்துபோன கடைநிலை ஊழியர் ஒருவரின் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டு மனு கொடுத்தார். பணிப்பதிவேடு கிடைக்கவில்லை. நான் அலமாரியை இரண்டு முறை புரட்டிவிட்டுக் குறிப்பு எழுதினேன். "பதிவேடு கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியது, "மேற்படி நபர் இவ்வலுவலகத்தில் பணியாற்றியதாகத் தெரியவில்லை." மேலே இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் அந்த அம்மாள் நடையாய் நடந்தார். பிறகு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது, சுவரோரமாகப் பாதி கரையான் தின்ற நிலையில் அந்தப் பதிவேடு இருந்தது. அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. "கிடைச்சிருச்சாய்யா" என்றார். அவ்வளவுதான்.

காணவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்கு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். செண்பகத்தோப்புக்குப் போகாத ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரோ, ஆறாவது மைலுக்கும் அய்யனார் கோவிலுக்கும் போகாத ராஜபாளையத்துக்காரரோ இருக்க முடியாது. அந்த மலையடிவாரத்தில் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. தலையில் இருந்து வால் நுனி வரை ஏறக்குறைய இரண்டரை அடி இருக்கும், முதுகில் நரைத்தது போன்ற சாம்பல். இதைப் பார்த்து முதன்முதலில் பெயர் வைத்தது 1769இல், அதுவும் இலங்கையில் கிடைத்ததை வைத்து. நம் பக்கத்து வகைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர்கூட, சிங்களத்தில் இந்த அணிலைச் சொல்லும் "தண்டு லேனா"வில் இருந்து எடுத்ததுதான். 1988இல் இதற்காகவே 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் அறிவித்தார்கள். 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல்.

ஒரு காலத்தில் இந்தியாவில் இந்த அணில் என்றாலே ஸ்ரீவில்லிபுத்தூர்தான் பேச்சு. பிறகு போய்ப் பார்க்கப் பார்க்க, கேரளத்துச் சின்னாறில் இருக்கிறது, காவிரிக் கரையில் இருக்கிறது, சிறுமலையில் இருக்கிறது என்று பட்டியல் நீண்டது. அணில் புதிதாகக் குடியேறவில்லை. நாம்தான் தாமதமாகப் போனோம். பூனை அளவு இருக்கிற, சத்தம் போடுகிற, பட்டப்பகலில் நடமாடுகிற மிருகத்துக்கே இந்தக் கதி என்றால், அரிசி நீளம்கூட இல்லாத ஈயை யார் கண்டார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து வருஷா வருஷம் புதிய உயிர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலைப் பார்த்தால், பெரும்பாலும் பூச்சி, சிலந்தி, தவளை போன்ற சிறியவைதான்.

அணிலைப் பற்றி ஆராய்ந்தவர்கள் ஜோஷுவாவும் ஜான்சிங்கும். ஏ.ஜே.டி. ஜான்சிங் நாங்குநேரிக்காரர், சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர், பிறகு டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் பெரிய பதவி வகித்தவர். 2024இல் காலமானார். இப்படிப்பட்டவர்கள் சொல்லிச் சொல்லித்தான் நமக்கு ஒன்று புரிந்தது. இந்த அணிலுக்குத் தரை இறங்கப் பிடிக்காது. மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொண்டு இருந்தால்தான் அதற்கு வாழ்வு. இந்தக் கிளைப் பாலம் காட்டிலாகா எல்லைக் கல்லோடு முடிந்துவிடுவதில்லை. ஓடைக்கரை நாவல், மருதம், புளி என்று தொடங்கி, அடிவாரத்துப் பட்டா நிலத்து மாந்தோப்புகளுக்குள் வந்துவிடுகிறது. பஞ்சவர்ணத்தையும் சப்பட்டையையும் நாம் பறிக்கும் முன் அவர் ருசி பார்த்துவிடுவார். தோப்புக்காரர்களுக்குக் கோபம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

அப்படி ஒரு தோப்பு என் மனைவி வீட்டாருக்கு இருக்கிறது, முடங்கியாற்றுப் பக்கம். பெரிய சொத்து ஒன்றும் இல்லை. அதன் ஓடை ஓரத்தில், என் மாமனாரின் தகப்பனார் காலத்து மாமரம் ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன் பட்டுப்போயிற்று. போன ஆவணியில் என் மைத்துனர், செங்கல் சூளைக்கு விறகு எடுக்கும் ஒருவரிடம் எட்டாயிரம் ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டார். நான் அதே வாரம்தான் நண்பன் அனுப்பிய கட்டுரையைப் படித்திருந்தேன். "அதை விட்டுவிடுவோமே" என்றேன்.

"ஏன் அத்தான், சாமி ஏதும் குடியிருக்கா?"

காளான் ஈ என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

ஆனால் மைத்துனர் சும்மா மறுக்கிறவர் அல்லர். நாற்பது வருஷம் மாமரத்தோடு வாழ்ந்தவர். அவர் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், இதைப் படிக்கும் தோப்புக்காரர்களும் கேட்பீர்கள்.

முதலாவது, தண்டு துளைப்பான். மாமரத்தைக் குடைந்து கொல்லும் வண்டு அது. பட்ட மரத்தை வைத்திருந்தால் பக்கத்து மரத்துக்கும் வரும் என்றார். இது நியாயமான பயம். துளைப்பான் உயிருள்ள மரத்தைத்தான் தேடுகிறது. புழு இருக்கும் போதே மரம் செத்தால் உள்ளே இருப்பது வளர்ந்து வெளியே வரும் என்பதும் உண்மை. ஆனால் எங்கள் மரம் பட்டு இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, பட்டை உரிந்து பூஞ்சை ஏறிவிட்டது. அதில் இப்போது இருப்பது மரத்தை மக்கச் செய்யும் கூட்டம். பச்சை மரத்துக்கு அது எதிரி இல்லை. தோப்பின் நடுவில், புதிதாகத் துளைப்பான் விழுந்த மரமாக இருந்தால் நானே வெட்டச் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது, ஆள் மேல் விழுந்தால் யார் பதில் சொல்வது? இதற்கு என்னிடம் மறுப்பில்லை. பாதையோரம், வீட்டோரம், மின்கம்பியோரம் உள்ள பட்ட மரத்தைப் பூச்சிக்காக வைத்திருப்பது முட்டாள்தனம்.

மூன்றாவதை அவர் சொல்லவில்லை, தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்னார். "காட்டுல சுள்ளி பொறுக்குறவன அதிகாரி வெரட்டுறாரு. நீங்க தோப்புல முழு மரத்தையும் அழுக விடச் சொல்றீங்க. அடுப்புக்கு என்ன செய்ய அய்யா?" இந்தக் கேள்வி என்னைக் குத்தியது. சிலிண்டர் வந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு விறகைப் பற்றி உபதேசம் செய்வது சுலபம். நான் சொல்வது சுள்ளியைப் பற்றி இல்லை. கையில் ஒடியும் சுள்ளி யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் அடிமரம், அது இற்றுப்போக இருபது வருஷம் ஆகும், அதைப் பற்றித்தான் பேச்சு. அது அடுப்புக்கும் போகவில்லை, சூளைக்குத்தான் போக இருந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத் தோப்புகளிலும், ஓடைக் கரைகளிலும், கண்மாய்க் கரைகளிலும், யாருக்கும் ஆபத்தில்லாத இடத்தில் பட்டுப்போகும் பெரிய மரத்தை ஏலம் விடாமல் விட்டுவிட வேண்டும். ஊராட்சியும் பொதுப்பணித் துறையும் ஆண்டுக்கு ஆண்டு பட்டுப்போன மரங்களுக்கு ஏல அறிவிப்பு ஒட்டும்போது, இந்த ஒரு வகையைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டால் போதும். அரசுக்கு நஷ்டம் என்று சொல்ல முடியாத சிறு தொகை, நானே இப்படிப்பட்ட ஏலக் கணக்குகளை எழுதியவன். மலைக்கோவில்களுக்குப் போகும் இளைஞர்கள் பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அதோடு சேர்த்துச் சருகையும் விழுந்த கட்டையையும் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது சுத்தம் இல்லை. பங்குனி, சித்திரையில் அது காட்டுத்தீயாகவே முடியலாம்.

இதனால் அணிலுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நேரடியாக ஒன்றும் இல்லை. அது உயிருள்ள மரத்தில் இலைக்கூடு கட்டுவது. ஆனால் மரங்கொத்தி பொந்து குடைய இற்ற மரம் வேண்டும். அந்தப் பொந்தில் பிறகு கிளியும் ஆந்தையும் மைனாவும் குடியேறும். பூஞ்சை மரத்தைத் தின்ன, புழு பூஞ்சையைத் தின்ன, பறவை புழுவைத் தின்ன, மிச்சம் மண்ணாகி அடுத்த மரத்துக்குப் போகிறது. எல்லாவற்றுக்கும் லாபம் கேட்பதும் சரியில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் லத்ரேய் என்ற பாதிரியார் சிறையில் இருந்தார். அங்கே தரையில் ஊர்ந்த ஒரு வண்டைப் பார்த்து, இது அரிய வண்டு ஆயிற்றே என்று வைத்தியரிடம் கொடுத்தனுப்பினார். அது பூச்சி சேகரிக்கும் ஒரு பையன் கைக்குப் போய், அவன் மூலம் பேச்சு மேலே போய், பாதிரியாருக்கு விடுதலை கிடைத்தது. உடன் இருந்த பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பிறகு பூச்சியியலில் பெரிய பெயர் எடுத்தார் லத்ரேய். வண்டுக்கு அதனால் என்ன லாபம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

சண்டை எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. சுவீடனில் மரம் வெட்டும் கம்பெனிகளே இப்போது ஒரு வழி வைத்திருக்கின்றன. வெட்டும்போது சில மரங்களை அடியோடு எடுக்காமல், பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் வெட்டி, அடிமரத்தை நின்றபடியே விட்டுவிடுகிறார்கள், பூச்சிக்கும் பூஞ்சைக்கும். இதைக் கட்டுரையில் காட்டி மைத்துனரிடம் பேசினேன். கம்பெனிக்காரனே செய்கிறான் என்றதும் அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. கிளைகளும் மேல் பாகமும் ஐயாயிரத்துக்குப் போயின. அடிமரம் நிற்கிறது. மூவாயிரத்தை என் ஓய்வூதியத்தில் இருந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருந்தால்தான் எனக்குச் சங்கடம்.

ஐப்பசி மழை நின்ற மறுநாள் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். அடிமரத்தில் தட்டுத் தட்டாக மரக்காளான் வந்திருந்தது, கீழே வேரோரம் வெள்ளையாகக் குடைக்காளான். விளக்கு வெளிச்சத்தில், கூன் விழுந்த முதுகோடு நாலைந்து சிறிய பூச்சிகள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன. கொசு என்றுதான் பெரியவர் சொன்னார். கையை நீட்டிப் பார்த்தேன், கடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பழைய டைரியில் தேதி போட்டு, "ஓடையோர மாமரம், காளான் மேல் சிறு பூச்சிகள் ஐந்து, பெயர் பின்னர் எழுதப்படும்" என்று எழுதிவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.